மலைக்கோட்டையில் ஒரு கேள்வி, திருவரங்கத்தில் ஒரு மறுப்பு

இதுவரை வீட்டில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளைப் பார்த்தோம். இந்த அத்தியாயத்துக்குச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க வேண்டும். 'நான்' என்று சொல்லிக்கொள்கிறோமே, உடம்புக்குள் எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டும் முடிவெடுத்துக்கொண்டும் கோபித்துக்கொண்டும் இருப்பதாகத் தோன்றுகிற அந்தத் தனி ஆள், தேடிப் போனால் அகப்படுகிறாரா? கேள்வி இவ்வளவுதான். பதிலை யாரிடமும் கடன் வாங்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை.

நம் ஊரில் அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவது லேசில்லை. டீக்கடை பெஞ்சிலேயே 'எல்லாம் மாயை சார்' கிடைக்கும். வாட்ஸ்அப்பில் விடிவதற்குள் நாலு மகான்கள் வந்துவிடுகிறார்கள். கேள்வி முளைக்கும் முன்பே பதில் கையில் இருப்பதால் தேடிப் பார்க்கும் வேலையே நடப்பதில்லை. திருச்சியை நான் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். காவிரிக்குத் தெற்கே ஒரு பாறை, வடக்கே ஒரு தீவு. இந்தக் கேள்விக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு பதில்களை வைத்துக்கொண்டு இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. உச்சிப்பிள்ளையார் கோயில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் ரங்கநாதரின் ராஜகோபுரம் கண்ணில் படும். ஒரு பதிலை அப்படியே நம்பிவிடலாம் என்று நினைக்கும்போது மற்றது குறுக்கே வந்து நிற்கும்.

மலையில் தொடங்குவோம்

காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கெல்லாம் மேல்பாறையில் கால் வைக்க முடியாது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால், உச்சிவரை 400-க்கு மேற்பட்ட படிகள். பெரும்பகுதி பாறையைக் குடைந்த வழி; வெளிச்சம் மங்கலாக இருக்கும், பேச்சு எதிரொலிக்கும். இந்த வேலைக்கு இதைவிடத் தோதான இடம் அமைவது அரிது.

முதல் நூறு படி சும்மா ஏறுங்கள். மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஓரமாக ஒதுங்கி, மெதுவாக ஏறியபடியே கவனியுங்கள். 'நான் ஏறுகிறேன்' என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. அந்த நினைப்பில் வரும் 'நான்' உடம்பில் எதைக் குறிக்கிறது? கெண்டைக்கால் இறுகுகிறது; அது தெரிகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தெரிகிறது. உள்ளங்காலில் கல்லின் குளிர்ச்சி, பின்னால் ஒரு பையன் படிகளைத் தப்புத்தப்பாக எண்ணிக்கொண்டு வரும் சத்தம், எல்லாம் தெரிகின்றன. ஏறுகிறவர் எங்கே? பெரும்பாலோர் கண்ணுக்குப் பின்னால், நெற்றிப் பக்கமாக ஓர் இறுக்கத்தைச் சுட்டி 'இதோ, இங்கே' என்பார்கள். சிலர் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவார்கள். சரி, அந்த இறுக்கத்தையும் கெண்டைக்கால் வலியைக் கவனித்தது போலவே கவனியுங்கள். அதுவும் தெரிகிற ஒன்றாகத்தானே இருக்கிறது? தெரிகிற பொருள் எப்படித் தெரிந்துகொள்கிறவராக முடியும்?

இந்த இடத்தில் 'ஆகவே நான் ஆத்மா' என்று முடித்துவிடாதீர்கள். 'ஆகவே நான் என்று யாருமில்லை' என்றும் முடிக்காதீர்கள். இரண்டுமே படித்ததன் எச்சம். 1739-இல் ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூமும் உள்ளே தேடிப் பார்த்துவிட்டு, சூடு, குளிர், வலி, இன்பம் என்று ஏதாவது ஓர் உணர்வில்தான் ஒவ்வொரு முறையும் இடறுவதாகவும், அவற்றைத் தவிர்த்துத் தனியே 'நான்' தட்டுப்படவில்லை என்றும் எழுதினார். ஆனால் தேடிய அவர் யார் என்பதை அதோடு விட்டுவிட்டார். நாம் விட வேண்டாம்.

பாதி வழியில் தாயுமானவர் சன்னிதி. சுவாமியின் பெயரையே தாங்கிய கவிஞர் தாயுமானவர் இந்த ஊரில் வாழ்ந்தவர். 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம், தந்தைக்குப் பின் அரண்மனைக் கணக்கு வேலை பார்த்தவர். திருமூலர் மரபில் வந்த மௌனகுரு அவருக்குச் சொன்ன உபதேசம் 'சும்மா இரு' என்பது மட்டும்தான் என்பார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது, இந்த உபதேசத்தைக் கேட்ட மறுநாளே அவர் ஓடிப்போகவில்லை என்பது. சம்பிரதி வேலை நடந்தது, கணக்கு எழுதப்பட்டது, குடும்பம் இருந்தது. துறவு பிற்பாடுதான் வந்தது. 'நான் இல்லை என்று தெரிந்துவிட்டது, இனி ஆபீஸ் எதற்கு?' என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த அரண்மனைக் கணக்கரைப் பற்றித்தான். வீட்டுக்கடன் தவணை 5-ஆம் தேதி வரும். 'நான்' கிடைத்தாலும் வரும், கிடைக்காவிட்டாலும் வரும்.

'சும்மா இரு' என்பதைப் பயிற்சியாகச் செய்வது எப்படி? மேலே போய், பாறையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து, கால் மணி நேரம் எதையும் தேடாமல் இருங்கள். தேடுவதும் ஒரு வேலைதான். வேலை என்றதும் அதைச் செய்கிற ஆள் ஒருவர் தானாக முளைத்துவிடுவார். கீழே ஹாரன், லூர்து மாதா கோயில் மணி, காற்று. இவற்றைக் கேட்க நீங்கள் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

'யாருக்கு?' என்கிற கருவி

1896 ஆகஸ்ட் 29 அன்று மாலை, மதுரையிலிருந்து வந்த ரயில் திருச்சியில் நின்றது. அதில் இருந்த 16 வயதுப் பையன் வேங்கடராமன், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுக்கப்பட்ட 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிளம்பியவன். பசிக்கிறதே என்று அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கினான். ஒரு கடியிலேயே வயிறு நிறைந்துவிட்டது, அவனுக்கே ஆச்சரியம். ஆறு வாரத்துக்கு முன்னால் மதுரையில், சாகப்போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்தபோது கீழே படுத்து, மூச்சை அடக்கி, உடம்பு செத்தால் சாவது எது என்று பார்த்திருந்தான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். ரயில்வே சந்திப்பில் இதற்குக் கல்வெட்டு எதுவும் தேட வேண்டாம். ஆனால் பிளாட்பாரத்தில் பசியோடு காத்திருக்க நேர்ந்தால் இந்தக் கதை நினைவுக்கு வருவது நல்லது.

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்கிற ரெவின்யூ இலாகா ஊழியர் திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் அவரைக் கண்டு கேள்விகள் கேட்டார். அன்று மௌனத்தில் இருந்தவர் எழுதிக் காட்டிய விடைகள்தான் 1923-இல் 'நான் யார்?' என்று அச்சாயின. முறை ரொம்ப எளிது. ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் போகாமல், இது யாருக்கு வந்தது என்று கேட்பது. 'எனக்கு' என்று பதில் வரும். அந்த 'எனக்கு' எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்பது.

இதைச் செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. 'நான் யார், நான் யார்' என்று ஜெபம் மாதிரி உருப்போடத் தொடங்கிவிடுவார்கள். உருப்போட்டால் மனம் கொஞ்சம் அடங்கும், விசாரணை நடக்காது. கேட்டபின் ஒரு நொடி சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். அந்த நொடிக்காகத்தான் கேள்வியே.

வரிசையில் நிற்கும்போது

மலையிலிருந்து இறங்கி 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். ஏழு பிராகாரம், வெளிச்சுற்றுகளில் வீடும் கடையும் பள்ளிக்கூடமுமாக ஓர் ஊரே இருக்கிறது. தியானம் செய்ய அமைதியான மூலை தேடாதீர்கள். சனிக்கிழமை, இலவச தரிசன வரிசை, அதுதான் உங்கள் இடம். ஏகாதசியன்று போனால் இன்னும் உத்தமம். ஆனால் முதியவர்களை அன்று அழைத்துப் போக வேண்டாம்.

தனி ஆள் என்கிற உணர்வு மலை உச்சியில் மெலிந்து போவதில் அதிசயமில்லை, காற்றடித்தால் யாருக்கும் அப்படித்தான். அதை ஆராய வேண்டுமானால் அது கொழுத்து நிற்கும் இடத்தில் பிடிக்க வேண்டும். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, கருடமண்டபம் தாண்டி, கால் கடுத்து, இதோ ஆரியபடாள் வாசல் வந்துவிட்டது என்னும்போது ஓர் அம்மாள் பையை முன்னால் நீட்டி, அதைத் தொடர்ந்து தானும் நுழைந்துவிடுவார். 'ஏம்மா, நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?' என்று யாரோ கத்துவார்கள். அது நீங்களாகவும் இருக்கலாம்.

அப்போது பாருங்கள். காது மடல் சூடாகிறது, தாடை இறுகுகிறது, ஒரு வாக்கியம் தொண்டையில் தயாராக நிற்கிறது. இவை எல்லாம் நடந்து முடிந்தபிறகுதான் 'என்னைத் தள்ளிவிட்டார்' என்ற கதை வருகிறது. அந்த 'என்னை' எது? உடம்பு அரை அடி பின்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. அடிபட்டவரைத் தேடுங்கள். கோபத்தை அடக்கச் சொல்லவில்லை. அடக்கினால் பார்க்கக் கிடைக்காது. அந்த அம்மாளிடம் பேச வேண்டியதைப் பேசிக்கொண்டேகூடப் பார்க்கலாம்.

அப்புறம் சன்னிதி. பெரிய பெருமாள் மேற்கே திருமுடியும் கிழக்கே திருவடியுமாகத் தெற்கு நோக்கிச் சயனித்திருக்கிறார். உள்ளே இருட்டு, விளக்கொளியில் கருத்த திருமேனி கண்ணுக்குப் பழக நேரமெடுக்கும், அதற்குள் 'நகருங்க, நகருங்க' வந்துவிடும். உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் திருவடியில் தொடங்கி மேல்நோக்கித் திருக்கண்கள்வரை கண்டு பாடினார். பத்துப் பாட்டோடு அவர் கதை முடிகிறது, உள்ளே போனவர் திரும்பி வரவில்லை என்பது மரபு. அந்த வரிசையிலேயே நீங்களும் பாருங்கள்: திருவடி, ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய், கண். கிடைப்பது சில வினாடிகள். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சில வினாடிகளில் 'பார்த்துக்கொண்டிருக்கும் நான்' பற்றி யாருக்கும் தகவல் இருப்பதில்லை. பார்ப்பது மட்டும் இருக்கிறது. வெளியே வந்து, தீர்த்தம் வாங்கிய கையைத் தலையில் துடைக்கும்போது, 'இன்னிக்கு எனக்கு நல்ல சேவை' என்று ஒருவர் கிளம்பி வந்து அந்த வினாடிகளைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்கிறார். படியேறியதும் கோபப்பட்டதும் இப்படித்தான் எழுதப்பட்டன. சொந்தக்காரர் எப்போதும் பிந்தி வருகிறார். இந்தப் பிந்திய வரவை நேரில் ஒருமுறை பிடித்துவிட்டால் அத்தியாயத்தின் பாதி வேலை முடிந்தது.

இனி ராமானுஜரின் மறுப்பு

இவ்வளவு தூரம் வந்தவர்கள் 'ஆகா, நான் என்பதே இல்லை' என்று துள்ளுவார்கள். அவர்களை ராமானுஜர் சன்னிதிக்கு அழைத்துப் போக வேண்டும். உட்கார்ந்த கோலத்தில் இருக்கும் அந்தத் திருமேனி அவருடைய உடம்பேதான் என்று, 'தானான திருமேனி' என்று, வைணவர்கள் போற்றுகிறார்கள். உடம்பு இங்கே இருக்கிறது. ராமானுஜர் என்றது இதையா என்று அங்கே நின்று கேட்காமல் இருக்க முடியாது. அவருக்கு முன்னோடியான ஆளவந்தார், இதே திருவரங்கத்தில் இருந்து எழுதிய 'ஆத்மசித்தி'யில், ஆத்மா உடம்பா, புலனா, மனமா, மூச்சா என்று ஒவ்வொன்றாக எடுத்து மறுத்துக்கொண்டே போகிறார். படியில் நாம் செய்த வேலைதான்.

ஆனால் முடிவு வேறு. 'நான்' என்பது அகங்காரத்தின் வேலை, ஞானத்தில் அது கழன்றுவிடும் என்று அத்வைதிகள் சொல்ல, ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. 'நான்' என்று ஒளிர்வதே ஆத்மாதான் என்கிறார். துக்கத்திலிருந்து நான் விடுபட வேண்டும் என்றுதானே ஒருவன் மோட்சத்தைத் தேடி வருகிறான். அங்கே போனால் நீயே இருக்கமாட்டாய் என்று சொன்னால் மோட்சம் என்ற பேச்சை எடுத்ததுமே எழுந்து போய்விடமாட்டானா என்று கேட்கிறார். தன்னை மறுக்கும் ஞானம் யாருக்கு லாபம்? அவருக்குத் தள்ள வேண்டியது தனித்து நிற்கிறேன் என்ற எண்ணம். சுதந்திரன் என்கிற மயக்கம். உள்ளே இருக்கும் ஆள் இருக்கிறார், ஆனால் அவர் தனக்குத்தானே சொந்தமில்லை. அடியேன் என்று இங்கே பேசிக்கொள்ளும் வழக்கம் இந்தத் தத்துவத்தின் அன்றாடப் பக்கம்.

என் கணிப்பில், நம் காலத்தின் 'நான் இல்லை' வியாபாரத்துக்கு இதைவிட நல்ல மருந்தில்லை. இதை நம்பச் சொல்லவில்லை, இதையும் சோதிக்கச் சொல்கிறேன். சோதனைக்கு நேரம் அதிகாலை. தூங்கி எழுந்ததும், போனை எடுப்பதற்கு முன், 'சுகமாகத் தூங்கினேன்' என்று தெரிகிறதே, அதைப் பிடியுங்கள். ராமானுஜர் இதே அனுபவத்தைத்தான் சான்றாக எடுக்கிறார்: தூக்கத்தில் 'நான்' அழிந்திருந்தால் விழித்தபின் இப்படிச் சொல்ல ஆள் ஏது? 'தூக்கத்தில் என்னையே எனக்குத் தெரியவில்லை' என்பவருக்கும் அவரிடம் பதில் உண்டு. அங்கே தெரியாமல் போனது இன்ன குலம், இன்ன நிலை என்கிற விவரங்கள்தான், நான் போகவில்லை என்கிறார். ரமணரோ இதே தூக்கத்தைக் காட்டி, 'நான்' என்ற எண்ணம் அங்கே இல்லை, ஆனாலும் நீ இருந்தாய் என்பார். சாட்சியம் ஒன்று, தீர்ப்பு இரண்டு. நீங்கள் பாருங்கள்: விழித்த முதல் கணத்தில் வருவது வெறும் 'இருக்கிறேன்'தானா, அல்லது பெயரும் ஊரும் இன்றைக்கு முடிக்க வேண்டிய வேலையும் சேர்ந்தே வருகின்றனவா? இவற்றுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதா? முதல் வாரம் ஒன்றும் தெரியாது. தலையணைப் பக்கத்தில் காகிதமும் பேனாவும் இருக்கட்டும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், தெரிந்திருக்க வேண்டியதை எழுதாதீர்கள்.

வீட்டில் செய்ய ஒரு வேடிக்கையும் உண்டு. 1998-இல் பாட்வினிக், கோஹன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. உங்கள் கையை ஓர் அட்டைக்குப் பின்னால் மறைத்து வைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைக்க வேண்டும். உறையில் பஞ்சு அடைத்தாலும் போதும். வீட்டில் ஒருவர் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தூரிகையால் வருட வேண்டும். சில நிமிடத்தில் பலருக்கு வருடல் ரப்பர் கையில் படுவதாகவே தோன்றும். சிலருக்கு ஒன்றும் ஆகாது, அதில் குறையில்லை. 'என்னுடையது' என்கிற உணர்வு எவ்வளவு எளிதில் இடம் மாறும் என்பதற்கு இது நல்ல சாட்சி. 'நான்' இல்லை என்பதற்கு இது சாட்சியாகாது. ஏமாந்தது யார் என்று ராமானுஜர் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்குமே.

எப்போது நிறுத்த வேண்டும்

இதைப் புத்தகங்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. பயிற்சி செய்யும்போதோ பிறகோ, சுற்றியுள்ளவை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பது போலவும், கை கால் அந்நியம் போலவும் தோன்றி அதில் பயம் கலந்திருந்தால் உடனே நிறுத்துங்கள். சூடாகச் சாப்பிடுங்கள், தெரிந்தவர்களோடு பேசுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். சில நாளில் விலகவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போவதுதான் முறை. குருவிடம் போவது அப்புறம். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கடும் மனச்சோர்வில் இருப்பவர்கள், சமீபத்தில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் இந்த அத்தியாயத்தைத் தனியாகச் செய்ய வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்லும் எந்த உபதேசியிடமும் இரண்டாவது முறை போக வேண்டாம். இயல்பாக நடந்தால் இந்த விசாரணையில் உலகம் மரத்துப்போகாது. சாம்பார் வாசனையும் பேருந்து நெரிசலும் முன்னைவிடத் துல்லியமாகவே இருக்கும்.

மேற்கே ஒரு பகல்

ஒருநாள் கூடுதலாக இருந்தால் கரூர் சாலையில் போங்கள். வழியில் திருப்பராய்த்துறை, சுவாமி சித்பவானந்தர் 1942-இல் தொடங்கிய தபோவனம். குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சாந்திவனம். 1950-இல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் இருவர், ழூல் மோன்ஷனேனும் ஆன்றி லெ சோவும், காவியுடுத்தித் தொடங்கிய ஆசிரமம் அது. லெ சோ அதற்கு முந்தைய ஆண்டு திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்திருந்தார். அந்தப் பார்வை அவரை விடவில்லை. அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு அருணாசலக் குகைகளில் போய் உட்கார்ந்தார். 'நான்' கரைந்துபோகும் அனுபவம் ஒருபக்கம் இழுக்க, 'நீ' என்று கடவுளை அழைக்கும் ஜெபம் மறுபக்கம் இழுக்க, அந்த இழுபறியை வருஷக்கணக்காக நாட்குறிப்பில் எழுதி வந்தார். கூட இருந்த மோன்ஷனேனுக்கோ இந்த இரண்டும் ஒன்றாகும் என்பதில் கடைசிவரை சந்தேகம். 1957-இல் பாரிஸில் காலமானார். மலைக்கும் தீவுக்கும் நடுவே உள்ள அதே வழக்கு, ஒரே தோப்பில், இரண்டு குடிசைகளுக்கு நடுவே நடந்திருக்கிறது.

எனக்கு லெ சோவிடம் மரியாதை வருவது அவர் எந்தப் பக்கம் சாய்ந்தார் என்பதால் இல்லை. ஒரு பக்கத்து நூல்களை வைத்து மறுபக்கத்து அனுபவத்தை அமுக்கிவிடவில்லை என்பதால். 1968-இல் ஆசிரமத்தை பீட் கிரிஃபித்ஸிடம் ஒப்படைத்துவிட்டு இமயத்துக்குப் போனார், 1973-இல் மறைந்தார். உங்கள் குறிப்பேட்டிலும் திங்கட்கிழமை ஒன்றும் வியாழக்கிழமை வேறொன்றும் இருந்தால் அடிக்காதீர்கள், தேதி போட்டு அப்படியே விடுங்கள்.

சாந்திவனத்தில் தங்குவதானால் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். காவிரிக்கரையில் உட்காரத் தோதான நிழல் உண்டு. ஆற்றில் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில் மட்டும் இறங்க வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.